முதல் கைதட்டல்

மூங்கிலாற்றிலிருந்து கோயம்புத்தூருக்கு இறங்கும் காலை பஸ் புலிக்கல் வளைவுக்குள் நுழைந்தபோது வசுமதி டீச்சர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். வளைவு முடிந்து பஸ் நிமிர்ந்தபோது அந்த இருக்கையில் யாரும் இல்லை. அதே நேரத்தில் மூங்கிலாறு பஸ் நிலையத்தில், சில்வர் ஓக் மரத்தடி சிமெண்டு பெஞ்சில், மடியில் துணிப்பையும் ஜன்னல் காற்றில் கலைந்த முடியுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். டீக்கடை சென்னியப்பன் அவளைப் பார்த்ததும் பாலை அடுப்பில் ஏற்றினார். வளைவு திருப்பி அனுப்புகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் குளிர் எடுக்கும் என்பது அவருக்குப் பழக்கமான விஷயம்.

"இன்னைக்கும் திருப்பிருச்சுங்களா டீச்சர்?"

"திருப்பிருச்சுங்க."

"விடுங்க, நாளைக்குப் பாக்கலாம்," என்றார் சென்னியப்பன், மழை ஏமாற்றிவிட்டதைப் பற்றிப் பேசுகிறவர் மாதிரி.

இதற்கெல்லாம் ஆச்சரியப்பட மூங்கிலாற்றில் ஆள் மிச்சமில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒருநாள் கல்லூரி மண்டபத்தில் கை தட்டியவர்களை வளைவு வெளியே விடாது, தட்டாதவர்களை விடும், பிறகு பிறந்தவர்களையும் விடும், அவ்வளவுதான். வசுமதியும் இத்தனை வருடங்களாக இதை ஏற்றுக்கொண்டுதான் இருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள், ஊருக்குள்ளேயே கல்யாணம் செய்தாள், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கை தட்டிய அந்தக் கணவனை ஊருக்குள்ளேயே எரித்தாள், ஒரே மகள் இளவேனிலை வளைவுக்கு அந்தப்பக்கம் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, கல்யாணத்தை மட்டும் இங்கே நடத்திக்கொண்டாள். அப்போதெல்லாம் வராத தவிப்பு இப்போது வந்திருந்தது. இளவேனில் வெகுநாள் கழித்து உண்டாகியிருந்தாள். கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் இல்லாத வீடு, புருஷனுக்கு மில்லில் ஷிப்டு வேலை. தலைப்பிரசவத்துக்கு மகள் மேலே வர முடியாது, தாய் கீழே போக முடியாது.

"நீ வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்மா," என்று போனில் அழுதாள் மகள். "வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அதனால்தான் வசுமதி தினமும் காலை பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் அவளுக்கு டிக்கெட் கிழிப்பதை நிறுத்தி வெகுநாளாயிற்று.

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டுமானால் பேராசிரியர் தாண்டவமூர்த்தியிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் மூங்கிலாறு என்று ஒரு மலையூர் இருப்பது உலகத்துக்குத் தெரிந்தே இருக்காது. வெளிநாட்டில் படித்து, பெரிய பெரிய பட்டணங்களில் கூப்பிட்ட வேலைகளையெல்லாம் உதறிவிட்டு, தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்குகிற இடத்தில் தகரக்கூரை போட்ட ஒரு மரக்குடிலில் வந்து குடியேறி, அங்கிருந்து தினமும் தடியூன்றி இறங்கி வந்து கல்லூரியில் தத்துவம் நடத்தியவர். உலகத்தைக் கருவியாகவே பார்த்துப் பழகியவன் மலையைப் பார்த்தால் மரக்கட்டைதான் தெரியும், ஆற்றைப் பார்த்தால் மின்சாரம்தான் தெரியும், கடைசியில் மனிதனைப் பார்த்தாலும் வேலைக்கு ஆகிற இரண்டு கைகள்தான் தெரியும் என்பார். மனிதன் இந்த மண்ணில் வந்து தங்கிப் போகிறவன் அல்ல, ஊன்றி இருக்கிறவன் என்பார். 'ஊன்றல்' என்ற அந்த ஒற்றைச் சொல்லை வைத்து அவர் எழுதிய புத்தகத்தை எத்தனையோ மொழிகளில் படித்தார்கள், புரிந்தவர்களும் புரியாதவர்களும் சமமாகப் புகழ்ந்தார்கள்.

ஒருநாள் அவர் வகுப்புக்கு ஒரு கல்லோடு வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு, "இது என்னவென்று சொல்லாதீர்கள். இது இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்," என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் வசுமதிக்கு அந்தக் கல் உண்மையிலேயே தெரிந்தது, பிறந்ததிலிருந்து எதையுமே சரியாகப் பார்த்ததில்லை என்று தோன்றியது. அந்த ஒரு மணி நேரத்தை அவளால் இன்றைக்கும் வெறுக்க முடியவில்லை. அவளுடைய சிக்கலே அதுதான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சந்தனம், அவளுடைய உயிர்த்தோழி. சந்தனத்தின் வீட்டார் இலங்கையில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள். அங்கே நீங்கள் இந்தியாக்காரர்கள் என்று கப்பலேற்றினார்கள். இங்கே வந்து இறங்கியதும் சிலோன்காரர்கள் என்று பெயர் வைத்தார்கள். கல்லைப் பற்றி எழுதி வரச் சொன்னபோது சந்தனம், அவள் அப்பா இலங்கைத் தோட்டத்தில் கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தைவிட்டுக் கிளம்பும்போது வேறெதையும் தூக்காமல் தூக்கி வந்த அம்மிக்குழவியைப் பற்றி எழுதினாள். அம்மி அங்கே, குழவி இங்கே. பேராசிரியர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்தார். வாசித்து முடித்து நெடுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகவே இவர்கள் பட்டது அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு தேயிலை விலை விழுந்தது. வயிறு காய்ந்த ஊரில் மண்ணுரிமைச் சங்கம் என்று ஒன்று முளைத்து, பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு, வேலையெல்லாம் சிலோன்காரன் கொண்டுபோகிறான் என்று தெருத்தெருவாகப் பேசியது. சங்கத்துக்குத் தடி இருந்தது, வாய் இருந்தது, ஆனால் கௌரவமான ஒரு வார்த்தை இல்லை. அந்த வார்த்தை மலைமேல் குடிலில் ஏற்கெனவே தயாராக இருந்தது. அவரைக் கல்லூரி முதல்வராக்கினார்கள். இவர்களைத் தானே நல்வழிக்குத் திருப்பிவிடலாம் என்று அவர் நினைத்தார் என்பார்கள் சிலர். அவருக்குப் பச்சைத் துண்டு பிடித்திருந்தது என்பார்கள் வேறு சிலர். பதவி ஏற்ற அன்று ஊரே கல்லூரி மண்டபத்தில் கூடியது. வாசல்களில் சங்கத்தார் நின்றார்கள். அவர் தோளில் பச்சைத் துண்டு கிடந்தது.

"வேருள்ள கால்கள் மண்ணில் நிற்கின்றன," என்றார் அவர், கல்லைப் பற்றிப் பேசிய அதே தாழ்ந்த குரலில். "வேரற்ற கால்கள் மண்ணை மிதிக்கின்றன. மிதிப்பவர்களை மண் ஒருநாள் உதறும். அன்று மண்ணுக்குத் துணை நிற்பதே நாம் ஊன்றியிருப்பதற்கு அடையாளம்."

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. முன்பொரு வருடம் விழாவுக்கு வந்த கூச்ச சுபாவமுள்ள ஒரு அதிகாரியின் பேச்சு முடிந்துவிட்டது என்பதே யாருக்கும் தெரியாமல், அவரும் இறங்காமல், கூட்டமும் அசையாமல், பாவம் அந்த மனிதர் மைக் முன்னால் வேர்த்து நின்றார். அதிலிருந்து மாணவர் மன்றச் செயலாளர் முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்து, பேச்சு முடிந்ததும் முதல் கைதட்டலைத் தட்ட வேண்டும், மற்றவர்கள் அதைப் பார்த்துத் தொடர வேண்டும் என்று ஏற்பாடாகியிருந்தது. அந்த வருடம் செயலாளர் வசுமதி.

பேச்சு முடிந்தது. மண்டபம் அவளைப் பார்த்தது. சந்தனத்தின் தோள் அவள் தோளில் ஒட்டியிருந்தது, அது நடுங்குவது தெரிந்தது. அந்த அமைதி இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால் யாராவது ஒருவர் எழுந்து ஏதாவது கேட்டிருக்கலாம், ஒரு குழந்தை அழுதிருக்கலாம், பேராசிரியரே தான் சொன்னதைக் காதால் கேட்டிருக்கலாம். இதையெல்லாம் அவள் பிறகு ஆயுள் முழுக்க யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு யோசிக்கவில்லை. மேடையிலிருந்து அவர் அவளைப் பார்த்தார், அவள் கைகள் தட்டின. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி ஊரே தட்டியது.

அடுத்த வாரத்தில் லயங்களுக்குத் தீ வைத்தார்கள். லாரிகளில் சட்டிபானையோடு சிலோன்காரர்கள் கீழே முகாமுக்குப் போனார்கள். சந்தனமும் போனாள். அவளுடைய இரண்டாம் வருடப் படிப்பு பாதியில் நின்றது.

வெற்றியைக் கொண்டாடக் கோயம்புத்தூருக்குக் கிளம்பிய சங்கத் தலைவரைத்தான் வளைவு முதலில் திருப்பியது. கழுத்தில் மாலையோடு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த ஊர், மனிதர் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டார் என்றுதான் நினைத்தது. பிறகு ஒவ்வொருவராகப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்தார்கள். நடந்து போனவர்கள், காட்டுவழியாகப் போனவர்கள், லாரியில் கயிறு கட்டிக்கொண்டு போனவர்கள், கண்ணை மூடிக்கொண்டு போனவர்கள், திறந்துகொண்டு போனவர்கள், ஆம்புலன்ஸில் படுத்தபடி போனவர்கள் எல்லோரும் அதே பெஞ்சுக்கு வந்தார்கள், படுத்தவர்கள் படுத்தபடியே. காவிரியில் கரைக்க அனுப்பிய சாம்பல் கலயங்களும் வந்தன. ஆகவே ஊர் ஓடைக்கே ஒரு புராணம் எழுதி, படிக்கட்டு கட்டி, அதையே புண்ணிய தீர்த்தமாக்கிக்கொண்டார்கள். பழனிக்குப் போக முடியாதவர்களுக்காகத் தண்ணீர் டாங்குக் குன்றின்மேல் ஒரு சின்ன முருகன் கோயில் எழும்பியது. கோர்ட்டுச் சாட்சிக் கூண்டே மலையேறி வந்தது, பல் டாக்டர் வந்தார், பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால், "உங்க வீட்டுல தட்டுனவங்களா, தட்டாதவங்களா?" என்று கேட்கப் பழகினார்கள்.

தட்டாதவர்கள் ரொம்பக் கொஞ்சம். அவர்களும் பெரிய தியாகிகள் இல்லை. கை முறிந்து கட்டுப் போட்டிருந்த ஆறுச்சாமி அதிலொருவர். அன்றிலிருந்து மாவுக்கட்டு ஆறுச்சாமி என்றால் ஊருக்கே செல்லப்பிள்ளை. கீழே போய் மருந்து வாங்கி வருவது, பெரியாஸ்பத்திரியில் காட்ட வேண்டிய ரிப்போர்ட்டைக் காட்டி வருவது எல்லாம் அவர்தான். எந்தத் தேர்தலில் நின்றாலும் எதிர்த்து யாரும் நிற்கவில்லை. இன்னொரு பக்கம் ரங்கசாமி, தான் அன்றைக்குத் தட்டியது பேச்சுக்கு அல்ல, முழங்கைமேல் உட்கார்ந்த கொசுவுக்கு என்று கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்தார். வளைவு அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, அவரும் பெஞ்சுக்குத்தான் வந்தார். கொசு ரங்கசாமி என்ற பெயர்தான் மிச்சம்.

ஊரில் கைதட்டலே நின்றுபோனது. பள்ளிக்கூட விழாவில் பரிசு வாங்கும் பிள்ளையைப் பார்த்து எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். பஜனையில் ஜால்ரா மட்டும். கொசுவை ஒற்றைக் கையால் சுவரோடு அடிக்கப் பழகினார்கள். விவரம் தெரியாத குழந்தை இரண்டு கையையும் சேர்த்தால் தாய் ஓடிவந்து பிரித்துவிடுவாள்.

எல்லோரும் கிடந்து புழுங்கினார்களா என்றால் அதுவும் இல்லை. நாங்கள்தான் உண்மையிலேயே ஊன்றியவர்கள், ஊர் ஊராய்ச் சுற்றுகிற நாய்ப்பிழைப்பு எங்களுக்கு இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தியவர்களும் உண்டு. ஊன்றல் பேக்கரி, ஊன்றல் லாட்ஜ் என்று பெயர்ப்பலகைகள் வந்தன. ஏனென்றால் பேராசிரியரைப் பார்க்க உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சங்கம் அடுத்த வருடமே அடித்துக்கொண்டு சிதறியது, அவர் முதல்வர் பதவியை விட்டு இறங்கிக் குடிலுக்குத் திரும்பினார், அந்தப் பேச்சைப் பற்றி மட்டும் அதற்குப்பின் வாயே திறக்கவில்லை. வளைவு அவரை ஒருநாளும் தடுக்கவில்லை. பேசுகிறவர் தனக்குத்தானே கை தட்டிக்கொள்வதில்லை அல்லவா? அவர் அன்று கூப்பிய கையோடு நின்றார். ஆகவே மண்ணைவிட்டு நகராத வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதற்காக அவர் மட்டும் விமானமேறி நாடு நாடாகப் போனார், கம்பளித் தொப்பியும் பட்டங்களுமாகத் திரும்பி வந்தார், அவரை வழியனுப்பவும் வரவேற்கவும் ஊர் பஸ் நிலையம்வரை வந்தது.

அவர் ஒரு வார்த்தை திரும்பப் பெற்றுக்கொண்டால் வளைவு விட்டுவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. முன்பு ஒருதடவை பெரியவர்கள் சேர்ந்து போய்க் கேட்டார்கள். "சிந்தனை என்பது நான் போட்ட சாலை அல்ல, நான் மூடவும் திறக்கவும்," என்று சொல்லி எல்லோருக்கும் தேனும் தினையும் கொடுத்து அனுப்பிவிட்டார். மகள் படுத்த பிறகு வசுமதி தனியாக இரண்டு தடவை ஏறிப் போனாள். வாசலில் நின்று, அவருடைய வெள்ளைத் தலையைப் பார்த்ததும் நலம் மட்டும் விசாரித்துவிட்டு இறங்கி வந்தாள்.

அன்றைக்கு அவள் டீயைக் குடித்து முடித்தபோது கீழிருந்து ஏறி வந்த பஸ்ஸிலிருந்து அவள் வயதுள்ள ஒரு பெண் இறங்கி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். காலேஜ் பெஞ்சில் தினமும் பக்கத்தில் பார்த்த அந்தப் பழக்கத்தைக் கண்டதும் வசுமதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வசுமதிதானே?" என்றாள் வந்தவள். "நான் சந்தனம். பழைய லயத்துச் சந்தனம்."

"தெரியுது," என்றாள் வசுமதி.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு. அந்தக் காது கேக்காது." சந்தனம் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள். "எடது போயி ரொம்ப நாளாச்சு. இதுவும் மங்கிக்கிட்டு வருது, கொஞ்ச நாள்ல நின்னுரும்னு டாக்டரு சொல்லிப்புட்டாரு. அவரு இருக்காரா இன்னும்?"

"மேலதான் இருக்காரு."

"அது போதும். இந்தக் காது போறதுக்குள்ள அவரு வாயால தப்புன்னு ஒரு வார்த்த கேட்டுரணும். அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்காட்டியும் பரவால்ல."

வசுமதிக்கு ஆசை வந்தது. இவளுக்காக அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், சாயங்கால பஸ்ஸிலேயே மகளிடம் போய்விடலாம். "வா, நானே கூட்டிட்டுப் போறேன்," என்று அவள் பையை எடுத்துக்கொண்டாள். ஏறும் வழியெல்லாம் இளவேனிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். கோயம்புத்தூரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் சந்தனம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மகளுக்கு எத்தனையாவது மாதம், கால் வீக்கம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பேராசிரியர் குடில் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். உடம்பு வற்றி, கம்பளித் தொப்பிக்குக் கீழே கண்கள் மட்டும் பழையபடி இருந்தன. சந்தனம் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அம்மிக்குழவி," என்றார். "அம்மி அங்கே, குழவி இங்கே. எத்தனை மாணவர்கள் வந்துபோனார்கள், அதைப் போல ஒருவரும் எழுதவில்லை. உட்கார் அம்மா."

"ஞாபகம் இருக்குங்களா ஐயா?" என்றாள் சந்தனம்.

"வரிக்கு வரி."

"அப்போ எங்கள மண்ண மிதிக்கிற கால்னு சொன்னதும் ஞாபகம் இருக்கும்."

பேராசிரியர் எழுந்து உள்ளே போய்ப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தார். மூன்று கோப்பைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். பேசியபோது முதுகு காட்டியபடியே பேசினார். "பேசுவது நாம் என்று நினைக்கிறோம். ஒரு காலம் தன்னைப் பேசிக்கொள்கிறது, நாம் வாய் கொடுக்கிறோம்."

"லயத்துக்குத் தீ வச்சதும் காலந்தானுங்களா? அந்தக் குழவியும் அதுலதான் வெடிச்சுப் போச்சு."

அவர் திரும்பினார். உதடு அசைந்தது. அந்த வயதான முகத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறி வருவதை வசுமதி பார்த்தாள், மேசைமேல் கல்லைப் பார்த்த அன்றைக்குப் போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், சொல்லுங்கள் ஐயா, சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். சந்தனம் வலது காதை அவர் பக்கம் திருப்பி, கையைக் குவித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தண்ணீர் கொதித்தது. பேராசிரியர் குனிந்து அடுப்பை அணைத்தார்.

"மேற்கே கறுத்திருக்கிறது," என்றார். "மழைக்கு முன்னால் இறங்கிவிடுங்கள். பாதை வழுக்கும்."

மழை வரவில்லை. இறங்கும் வழியில் சந்தனம் அழவில்லை. அழுதது வசுமதிதான். இத்தனை வருடமாக இந்த மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஓடைப் படிக்கட்டருகே வந்ததும் நின்றாள்.

"சந்தனம், அன்னைக்கு மொதல்ல தட்டுனது நான்தான்."

"தெரியும். என் எடது காதுக்குப் பக்கத்துலதான தட்டுன."

"என்னைய மன்னிச்சுரு."

சந்தனம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "லாரி ஏத்துன அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். அப்புறம் எத்தனையோ வருசம், ஆறுச்சாமிகிட்டயாவது சொல்லி விட்டிருக்கலாம். கட்டுப்போட்ட கையோட அந்த மனுசன் மட்டும் எங்க முகாமத் தேடி வந்தாரு. உனக்கு இப்போ புள்ளைக்கு முடியலைன்னதும் ஞாபகம் வருது. நீ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கல வசு. வளைவுகிட்ட கேக்குற."

அது உண்மையாக இருந்தது. உண்மையாக இருந்ததால் வசுமதிக்குக் கோபம் வந்தது, கோபம் வந்ததற்காக வெட்கம் வந்தது. இருவரும் பஸ் நிலையம்வரை அப்படியே நடந்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் சந்தனம் கையை நீட்டினாள். "அட்ரஸக் குடு."

"எதுக்கு?"

"உம் மக வீட்டு அட்ரஸ். எங்க தெருவுலருந்து ஒரு பஸ்தான் இருக்கும். நான் போயி இருக்கேன்."

"நீயா?"

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. மன்னிக்கல. ஆனா அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு? பக்கத்துல ஆள் இல்லாமப் படுத்துக் கெடக்குறது எப்பிடின்னு எனக்குத் தெரியும்."

வசுமதி மடியிலிருந்த பையை அவளிடம் கொடுத்தாள். தினமும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பிக் கொண்டுவந்த பை அது. குழந்தையைச் சுற்றுவதற்காகத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய நூல் சேலைத் துண்டுகள் உள்ளே இருந்தன. சாயங்கால பஸ் வந்தது. வசுமதியும் ஏறினாள்.

"நீ எங்க வர்ற?" என்றாள் சந்தனம்.

"வளைவு வரைக்கும்."

இரண்டு பேர் இருக்கையில் அவள் சந்தனத்தின் வலது பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளோடு தோள் ஒட்டியது. இந்தத் தடவை நடுங்கியது வசுமதியின் தோள். சந்தனம் அதைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. பஸ் புலிக்கல் வளைவில் சாய்ந்தது. அடுத்த கணம் சில்வர் ஓக் மரத்தடியில், பை இல்லாத வெறும் மடியோடு, வசுமதி தனியாக உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் பாலை அடுப்பில் ஏற்றினார்.

அதன்பிறகு அவள் பஸ்ஸில் ஏறவில்லை. பெஞ்சில் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டாள். மகள் தினமும் பேசினாள். சந்தனம்மா கஞ்சி வைத்துத் தந்தார்கள், சந்தனம்மா காலை நீவிவிட்டார்கள், சந்தனம்மாவிடம் சத்தமாகப் பேச வேண்டியிருக்கிறது என்றாள். அவர்களை உனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்டாள். காலேஜில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்றாள் வசுமதி. அதற்கு மேல் உள்ளதையும் ஒருநாள் சொன்னாள். மகள் போனை வைத்துவிட்டாள். மறுநாள் மறுபடியும் கூப்பிட்டாள்.

ஆடி பிறந்து, மலையெல்லாம் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், கோயம்புத்தூர் பஸ் கிளம்புவதற்கு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. சந்தனத்தின் குரல். காது மந்தமானவர்கள் பேசுவது போல அவள் கத்திப் பேசியதால், ஸ்பீக்கர் போடாமலே டீக்கடைவரை கேட்டது.

"பொண்ணு பொறந்துருக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்கள். ஆறுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வசுமதி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"வசு, இருக்கியா? புள்ளைக்குக் காது கேக்குதான்னு பாக்கணும். எங்க வார்டுல நான் எப்பவும் தட்டித்தான் பாப்பேன். இப்போ நான் தட்டுனா எவ்வளவு சத்தம்னு எனக்கே வெளங்கல, நம்பிக்கை இல்ல. நீ தட்டு. போன ஸ்பீக்கர்ல போட்டு அவ காதுகிட்ட வைக்கிறேன்."

வசுமதி தன் கைகளைப் பார்த்தாள்.

"வேண்டாங்க டீச்சர்," என்று பதறிப்போய் ஓடிவந்தார் கொசு ரங்கசாமி. "இதுக்கு மேல எங்க கொண்டுபோய் அடைக்குமோ, யாருக்குத் தெரியும்?"

"தட்டுறியா இல்லையா?" என்று கத்தினாள் சந்தனம்.

வசுமதி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சின்மேல் வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கித் தட்டினாள். அந்தச் சத்தம் தகரக் கொட்டகையில் பட்டுத் திரும்பியது, ஓக் மரத்துக் குருவிகள் கலைந்தன, சென்னியப்பனின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. எல்லோரும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார்கள். அவளைத் தொடர்ந்து யாரும் தட்டவில்லை.

போனில் சந்தனம், இத்தனை நேரம் கத்தியவள், மெதுவாகப் பேசினாள்.

"அதே சத்தம்."

வசுமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறந்து இந்தப் பக்கம் பாக்குறா வசு. அவளுக்குக் கேக்குது. எங்க, இன்னொரு தடவ தட்டு."

கோயம்புத்தூர் பஸ் விசில் கொடுத்துக் கிளம்பி, காலி இருக்கைகளோடு வளைவை நோக்கி இறங்கியது. வசுமதி அதைப் பார்க்கவில்லை. அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.